இந்த பேஷண்ட் யாரோட பேஷண்ட்?

வார்டுக்குப் புதுசா ஒரு ரெஜிஸ்டர் வந்திருக்கு.

தடி அட்டை, சிவப்பு முதுகு, உள்ள முழுக்கக் கட்டம். பேஷண்ட் கீழ விழறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு தினமும் அதுல எழுதணுமாம். இதையே அட்மிஷன் ஷீட்ல ஒரு தடவை எழுதறோம். நர்ஸஸ் நோட்ஸ்ல ஒரு தடவை எழுதறோம். கட்டில் தலைமாட்டுல மஞ்சள் கார்டு வேற தொங்குது. இப்போ நாலாவதா இது.

பேஷண்ட் கீழ விழக்கூடாதுங்கறதுல யாருக்கும் ரெண்டு கருத்து கிடையாது. நான் கேட்டது ஒரே கேள்வி. "இதை யார் படிப்பாங்க?"

கொண்டு வந்தவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஆடிட்ல கேப்பாங்க சிஸ்டர்"னாங்க.

ஆடிட்ல கேப்பாங்க, சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்திருக்கற எழுபது வயசு அம்மாவுக்குக் கைப்பிடி குடுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் அந்த நேரத்துல உக்காந்து ரெஜிஸ்டர்ல கட்டம் நிரப்பிட்டு இருந்தா?

எனக்கு வந்த கோவத்துலதான் இதை எழுத உக்காந்தேன். நீளமா போகும். டீ போட்டுக்கிட்டு வாங்க.

ஆஸ்பத்திரிக்குள்ள வேலை செய்யாதவங்களுக்காக ஒரு வார்த்தை. நான் நர்ஸ். இப்போ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மெடிக்கல் வார்டு இன்சார்ஜ். படிச்சதும் முதல்ல வேலை பார்த்ததும் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில. ரெண்டு பக்கமும் பார்த்ததுல எனக்கு உறுதியா தோணறது இதுதான்: யார் யாருக்குச் சொல்லணும்ங்கறது தெளிவா இல்லாத இடத்துலதான் பேப்பர் பெருகுது. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியாதவங்க, எழுதி வெச்சுட்டா நம்ம மேல தப்பு வராதுன்னு எழுதறாங்க. அப்படி எழுதற நோட்டைத் திறந்து பாக்க ஆள் இருக்காது.

அதனால கேஸ் ஷீட்டைச் சரி பண்ணணும்னா, முதல்ல ஆளுங்களோட வரிசையைச் சரி பண்ணணும்.

கவர்ன்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில இருந்திருக்கீங்களா? (பேஷண்ட்டாவோ, துணைக்கோ.) கூட்டம் தாங்காது. கட்டில் பத்தாம பாய் போட்டுப் படுத்திருப்பாங்க. ஆனா அங்க யார்கிட்ட போய் நின்னாலும் முதல் கேள்வி ஒண்ணுதான்.

"எந்த யூனிட்?"

ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு அட்மிஷன் டே இருக்கும். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தீங்கன்னா செவ்வாய்க்கிழமை யூனிட்டோட ஆள் நீங்க. வீட்டுக்குப் போற வரைக்கும் அதே யூனிட். மேல சீஃப். அவருக்குக் கீழ அசிஸ்டென்ட் ப்ரொஃபசர்கள். அப்புறம் பி.ஜி.க்கள். கடைசியில சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது ஹவுஸ் சர்ஜன். ரத்தம் எடுத்து லேபுக்கு ஓடறது ஹவுஸ் சர்ஜன், கேஸ் ஷீட் எழுதறது பி.ஜி., முடிவு சொல்றது மேல இருக்கறவங்க. இந்த வரிசை எந்தச் சுவத்துலயும் ஒட்டியிருக்காது. வார்டைப் பெருக்கற அக்காவுக்குக்கூடத் தெரியும்.

அந்த ஏணியில குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். கீழ இருக்கறவங்க மேல இருக்கறவங்ககிட்ட வாயைத் திறக்கப் பயப்படுவாங்க. அந்தப் பயத்தாலயே சில விஷயம் லேட்டா மேல போகும். ஆனா "இந்த பேஷண்ட் யாரோட பேஷண்ட்?"னு அங்க யாரும் கேக்கத் தேவையே வராது.

தனியார்ல வந்து பார்த்தா கட்டில் நல்லா இருக்கு, ஏ.சி. இருக்கு, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்ல.

ஒரு உதாரணம் பாருங்க. வயசானவர், இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆயிருக்கு. சர்க்கரை இருக்கு, கிட்னி சுமார், ஹார்ட்டும் பலவீனம். ஆர்த்தோ, கார்டியாலஜி, நெஃப்ராலஜி, டயபட்டாலஜின்னு நாலு கன்சல்டன்ட். நாலு பேரும் நாலு நேரத்துல ரவுண்ட்ஸ் வர்றாங்க. காலையில ஒருத்தர் பி.பி. கம்மியா இருக்கு, டிரிப்ஸ் போடுங்கன்னு எழுதிட்டுப் போறார். மத்தியானம் இன்னொருத்தர் கால் வீங்கியிருக்கு, டிரிப்ஸை நிறுத்துங்கன்னு எழுதறார். அவங்கவங்க பாக்கற உறுப்பை வெச்சுப் பார்த்தா ரெண்டு பேரும் சரி. நடுவுல கையில பாட்டிலோட நிக்கற பொண்ணுக்கு இருபத்திரண்டு வயசு.

அவ என்ன பண்ணுவா? ரெண்டையும் நர்ஸஸ் நோட்ஸ்ல எழுதுவா. நேரம் போட்டு எழுதுவா. யாரைக் கேக்கறதுன்னு அவளுக்குத் தெரியாது, அதனால எழுதறா. அந்த ரெண்டு வரியும் யாரும் பாக்காம அங்கயே கிடக்கும்.

இதுக்கு எங்க வார்டுல கொண்டு வந்த மாத்தம் ரொம்பச் சின்னது. கேஸ் ஷீட்டோட முதல் பக்கத்துல பெரிய எழுத்துல ஒரே ஒரு பேர். ப்ரைமரி கன்சல்டன்ட். மத்தவங்க எழுதறது எல்லாம் கருத்து. ப்ரைமரி டீம் பார்த்து ஆர்டர் ஷீட்ல ஏத்தினாத்தான் அது ஆர்டர். (உயிர் போற அவசரம்னா யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்க சொல்றதுதான். அதையும் எழுதி வெச்சோம்.) பேஷண்ட்டை ஒரு டீம்ல இருந்து இன்னொரு டீமுக்கு மாத்தினா, பழைய பேரை அடிச்சுட்டுப் புதுப் பேர், தேதி, நேரம், ரெண்டு பேர் கையெழுத்து.

சில பெரிய டாக்டர்களுக்கு இது பிடிக்கல. "நான் எழுதறது ஆர்டர் இல்லையா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எங்க மெடிக்கல் சூப்பரிண்டெண்டெண்ட் பொறுமையா உக்காந்து, அதே மாதிரி ஒரு டிரிப்ஸ் கதையைக் கேஸ் ஷீட்டோட காட்டிப் பேசினார். அதுக்கப்புறம் ஒத்துக்கிட்டாங்க.

அடுத்தது ராத்திரி.

பகல்ல எல்லாரும் இருப்பாங்க, பிரச்சனை வந்தா யாராவது பிடிச்சுப்பாங்க. ராத்திரிதான் ஏணி வேணும். முதல்ல ஒரு பெரிய சார்ட் அடிச்சு நர்ஸஸ் ஸ்டேஷன் சுவத்துல மாட்டினோம். பெட்டி பெட்டியா, அம்புக்குறி எல்லாம் போட்டு. பாக்க அழகா இருந்தது. ரெண்டு மணிக்கு ஒருத்தரும் அதைத் திரும்பிப் பாக்கல. காரணம் என்னன்னு பசங்களையே கேட்டோம். அதுல இருந்தது எல்லாம் பதவி. "டியூட்டி டாக்டர்", "அசிஸ்டென்ட் கன்சல்டன்ட்", "கன்சல்டன்ட்". இன்னைக்கு அந்த இடத்துல யாரு, நம்பர் என்னன்னு அதுல இல்ல.

அப்புறம் சார்ட்டைக் கழட்டிட்டு ஒரு வெள்ளை போர்டு வெச்சோம். சாயங்காலம் எட்டு மணிக்குள்ள நைட் சூப்பர்வைசர் அன்னைக்கு ராத்திரிக்கான பேர், நம்பர் எல்லாத்தையும் வரிசையா எழுதணும். முதல் கால் டியூட்டி டாக்டருக்கு. அவர் ஐ.சி.யூ.ல மாட்டிக்கிட்டு பத்து நிமிஷத்துல வர முடியலைன்னா அடுத்த பேர். அவரும் எடுக்கலைன்னா நேரா கன்சல்டன்ட். அதுக்கும் மேல மெடிக்கல் சூப்பரிண்டெண்டெண்ட். நர்ஸிங் பக்கம் நைட் சூப்பர்வைசருக்கு அதே நேரத்துல ஒரு கால்.

அப்பவும் சின்னப் பிள்ளைங்க கூப்பிடல. திட்டு வாங்குவோம்ங்கற பயம். தூக்கத்துல எழுப்பினா ஃபோன்ல எப்படிப் பேசுவாங்கன்னு இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். அதனால போர்டுக்குக் கீழயே மெடிக்கல் சூப்பரிண்டெண்டெண்ட் கையெழுத்தோட ஒரு வரி: பேஷண்ட்டைப் பத்தி ராத்திரி கூப்பிட்டதுக்காக எந்த ஸ்டாஃபையும் யாரும் கோவிச்சுக்கக் கூடாது. அந்த வரி வந்தப்புறம்தான் போர்டுக்கு உயிர் வந்தது. வெறும் போர்டால எதுவும் நடக்கல.

கூப்பிடறாங்க, சரி. என்ன சொல்றாங்க?

"சார், பன்னெண்டாம் பெட் கொஞ்சம் டல்லா இருக்காங்க."

"பி.பி. எவ்வளவு?"

"பாத்துட்டு சொல்றேன் சார்."

"யூரின் போச்சா?"

"கேட்டுட்டு சொல்றேன் சார்."

ஃபோன் கட்.

இதுக்கு எஸ்.பி.ஏ.ஆர்.னு ஒரு முறை இருக்கு. அமெரிக்கக் கடற்படையோட அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள்ல தகவல் சொல்றதுக்கு வெச்சிருந்த முறையிலிருந்து வந்தது. கைசர் பெர்மனென்டேங்கற ஆஸ்பத்திரி அமைப்புல மைக்கேல் லெனர்ட்ங்கற டாக்டரும் அவர்கூட வேலை பார்த்தவங்களும் அதை மருத்துவத்துக்கு ஏத்த மாதிரி மாத்தினாங்க. நாலே விஷயம். இப்போ என்ன நடக்குது, இவங்க யாரு எதுக்கு வந்தாங்க, எனக்கு என்ன தோணுது, நீங்க என்ன பண்ணணும். இந்த வரிசையில சொன்னா அதே கால் இப்படி இருக்கும்:

"சார், மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசறேன். பன்னெண்டாம் பெட்டுக்கு மூச்சு வாங்குது. நேத்து நிமோனியாவுக்கு அட்மிட் ஆனவங்க. மூச்சு 24, பல்ஸ் 112, பி.பி. 108க்கு 70, சாச்சுரேஷன் ஆக்சிஜன் இல்லாம 94, காய்ச்சல் 101. ஸ்கோர் 7. சாயங்காலம் 2தான் இருந்தது. செப்சிஸோன்னு தோணுது சார். நீங்க இப்போ வந்து பாக்கணும்."

அரை நிமிஷம் ஆகாது.

இதுல கடைசி வாக்கியம் இருக்கு பாருங்க, "நீங்க இப்போ வந்து பாக்கணும்", அதுதான் நம்ம பிள்ளைங்களுக்கு வரவே வராது. நம்பர் எல்லாம் கடகடன்னு சொல்லிடுவாங்க. அதுக்கப்புறம் "அதான் சார்..."னு இழுத்து நிறுத்திடுவாங்க. பெரியவங்களைப் பார்த்து இதைப் பண்ணுங்கன்னு சொல்லி நமக்குப் பழக்கம் இல்ல. வீட்லயும் இல்ல, ஸ்கூல்லயும் இல்ல. அதனால அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எங்க வார்டுல சத்தமா சொல்லிப் பழக வெக்கறேன். புதுசா சேர்ந்தவங்க டியூட்டி டாக்டர் முன்னாடியே நின்னு சொல்லிக் காட்டணும். முதல்ல வெக்கப்படுவாங்க, சிரிப்பாங்க. பிறகு வந்துடும்.

இந்த ஸ்கோர் என்னன்னு சொல்லணும் இல்லையா. பிரிட்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல கொண்டு வந்தாங்க, 2017ல திருத்தினாங்க. பேர் நியூஸ். மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன், ஆக்சிஜன் ஓடுதா இல்லையா, மேல் பி.பி., பல்ஸ், நினைவு, காய்ச்சல். இந்த ஏழுக்கும் தனித்தனியா பாயின்ட். 5 வந்தா டாக்டர் சீக்கிரம் வந்து பாக்கணும். 7 வந்தா எமர்ஜென்சி.

மேல சொன்ன பேஷண்ட்டையே எடுத்துக்கோங்க. மூச்சு 24க்கு 2. சாச்சுரேஷன் 94க்கு 1. பி.பி. 108க்கு 1. பல்ஸ் 112க்கு 2. காய்ச்சலுக்கு 1. மொத்தம் 7. இப்போ ஒவ்வொரு நம்பரையும் தனியா பாருங்க. எதைப் பார்த்தும் யாரும் பதற மாட்டாங்க. "காய்ச்சல் இருக்கு, அதான் பல்ஸ் ஏறியிருக்கு, காலையில சொல்லிக்கலாம்"னு தோணும். கூட்டிப் பார்த்தாத்தான் நிலைமை தெரியுது. ஸ்கோரோட பெரிய உபகாரம் இன்னொண்ணு. யாரைக் கூப்பிடணும்ங்கறதையும் அந்த நம்பரே சொல்லிடுது. "சிஸ்டருக்கு என்னமோ சரியில்லன்னு தோணுச்சாம்"னு யாரும் ஒதுக்க முடியாது. பேப்பரும் ஏணியும் ஒரே இடத்துல சேருது.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. மூச்சு எண்ணிக்கை.

எந்த வார்டுக்கு வேணா போய் டி.பி.ஆர். சார்ட்டைத் திறந்து பாருங்க. பல்ஸ் மாறும், பி.பி. மாறும். மூச்சு மட்டும் 18, 20, 20, 18, 20. ஏன்னா பல்ஸ், பி.பி., சாச்சுரேஷன் எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு. மூச்சை ஒரு நிமிஷம் நின்னு எண்ணணும். அந்த ஒரு நிமிஷம் நர்ஸ்கிட்ட இல்ல. அந்த நிமிஷத்தைத்தான் நாலாவது ரெஜிஸ்டர் எடுத்துக்குது! உடம்பு மோசமாகப் போகுதுன்னா முதல்ல மாறற விஷயங்கள்ல மூச்சும் ஒண்ணு. எண்ணாம 20ன்னு எழுதினா ஸ்கோர் ரெண்டு பாயின்ட் குறைஞ்சு 7 வரவேண்டிய இடத்துல 5 வரும். புதுசா ஒரு ஃபார்ம் கொண்டு வர்றவங்க ஒவ்வொருத்தரும் இதை ஒரு தடவை யோசிக்கணும்னு நான் கெஞ்சிக் கேக்கறேன்.

இப்போ ஏணியோட கடைசிப் படிக்கு வர்றேன். ஆயாம்மா.

ஆஸ்பத்திரி நிர்வாகம் போடற எந்த வரிசைப் படத்துலயும் ஆயாம்மா இருக்க மாட்டாங்க. ஆனா பேஷண்ட்டோட உடம்பைத் தொட்டு, திருப்பி, துடைச்சு, பக்கத்துல அதிக நேரம் இருக்கறது அவங்கதான். யூரின் பேக் காலி பண்றதும் அவங்கதான். 60 கிலோ எடை உள்ள ஒருத்தருக்கு மணிக்கு 30 மில்லியாவது யூரின் வரணும். கிலோவுக்கு அரை மில்லின்னு கணக்கு. அதுக்குக் கீழ போனா கிட்னிக்கு ரத்தம் பத்தலைன்னு அர்த்தமா இருக்கலாம், உடனே பாக்கணும். இந்தக் கணக்குக்குத்தான் ஐ.ஓ. சார்ட். சார்ட் நர்ஸ் கையில. பேக் ஆயாம்மா கையில.

ஒரு ஆயாம்மா என்கிட்ட வந்து, "அம்மா, அந்த ஜன்னலோரக் கட்டில்ல காலையில இருந்து ஊத்தறதுக்கே ஒண்ணும் இல்ல, கலரும் டீத்தண்ணி மாதிரி இருக்கு"ன்னாங்க. சார்ட்டைத் திறந்து பார்த்தா முந்தின ஷிஃப்ட்டோட மொத்தக் கணக்கு மட்டும்தான் இருந்தது. மணிக்கணக்கு இல்ல. டாக்டரைக் கூப்பிட்டோம், உடனே கவனிச்சாங்க, பேஷண்ட் தேறிட்டாங்க. நான் அன்னைக்கு ஆயாம்மாவைக் கேட்டேன், "காலையிலயே பார்த்தீங்களே, ஏன் சொல்லல?" "யாருகிட்டம்மா சொல்றது, எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க."

அவங்க சொன்னது அப்படியே. எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க.

அதுக்கப்புறம் பேக் காலி பண்ற முறையை மாத்தினோம். அளவு ஜாடியில ஊத்தணும். கோடு எங்க நிக்குதுன்னு ஆயாம்மா பார்த்துச் சொல்லணும், அந்தக் கட்டிலோட நர்ஸ் அவங்க முன்னாடியே எழுதணும். எழுதினப்புறம்தான் கொட்டணும். ஷிஃப்ட் மாறும்போது ஓவர் குடுக்கறப்ப ஆயாம்மாவும் கூட நிக்கறாங்க. "இன்னைக்கு யாரைப் பார்த்தா சரியாப் படல?"ன்னு கடைசியா அவங்களை ஒரு கேள்வி கேக்கறோம். பல நாள் "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கம்மா"ன்னு முடிஞ்சிடும். சில நாள் ஒரு பெட் நம்பர் வரும். அந்த பெட்டுக்குத்தான் நான் முதல்ல போவேன்.

ஓவர்னதும் ஞாபகம் வருது. நர்ஸஸ் ஸ்டேஷன்ல உக்காந்து நோட்டைப் படிக்கறது ஓவர் ஆகாது. கட்டில் பக்கத்துல போய் நின்னு குடுக்கணும், வாங்கறவங்க திருப்பிச் சொல்லணும். அமெரிக்காவுலயும் கனடாவுலயுமா ஒன்பது ஆஸ்பத்திரிகளோட குழந்தைகள் பிரிவுல ஐ-பாஸ்னு ஒரு ஓவர் முறையைப் பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்லிக் குடுத்துப் பார்த்து, 2014ல முடிவை வெளியிட்டாங்க. மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைஞ்சது. தடுத்திருக்கக் கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைஞ்சது. புது மெஷின் கிடையாது, புது மருந்து கிடையாது. பேஷண்ட் எவ்வளவு மோசம்ங்கறதை முதல்ல சொல்றது, என்ன வேலை பாக்கி, என்ன ஆனா என்ன பண்ணணும், கடைசியில வாங்கினவர் தன் வாயால திருப்பிச் சொல்றது. அவ்வளவுதான்.

சரி, பேப்பரைக் குறைச்ச கதைக்கு வரேன்.

ஒரு பேஷண்ட்டோட ஒரு நாள் பேப்பர் எல்லாத்தையும் செமினார் ஹால்ல மேஜை மேல வரிசையா பரப்பினோம். கையில ஹைலைட்டர். பி.பி. எங்கெல்லாம் எழுதியிருக்கோ அங்கெல்லாம் மஞ்சள். டி.பி.ஆர். சார்ட், நர்ஸஸ் நோட்ஸ், டாக்டர் நோட்ஸ், ஓவர் புக், பி.பி. மாத்திரை குடுக்கற முன்னாடி ட்ரக் சார்ட், ஸ்கேனுக்கு அனுப்பறப்ப ஒரு ஃபார்ம்... மேஜையே மஞ்சளாயிடுச்சு. ஒரே நேரத்துக்கு ரெண்டு இடத்துல ரெண்டு நம்பரும் இருந்தது. ஒரு விஷயத்தைப் பல இடத்துல எழுதினா எதை நம்பறதுன்னு தெரியாமப் போயிடும்.

ஒவ்வொரு ஃபார்மையும் கையில எடுத்து மூணு கேள்வி கேட்டோம். யார் எழுதறா? யார் படிக்கறா? படிச்சா என்ன பண்ணுவா? மூணாவதுக்குப் பதில் இல்லாத ஃபார்ம் எல்லாம் தனியா ஒரு குவியல்.

குவியலைப் பார்த்துட்டு க்வாலிட்டி டிபார்ட்மென்ட்ல பதறினாங்க. "என்.ஏ.பி.எச்.ல கேப்பாங்களே!" (ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று குடுக்கற அமைப்பு அது.) உக்காந்து அவங்க விதிகளை வரிவரியா படிச்சோம். எந்தெந்த விவரம் பதிவுல இருக்கணும்னு கேக்கறாங்க. அதை எத்தனை நோட்டுல எழுதணும்னு எங்கயும் கேக்கல. அந்த நோட்டுங்க எல்லாம் நாமளே பெருக்கிக்கிட்டது. எப்பவோ ஒரு ஆடிட்ல ஒரு குறை சொன்னாங்கன்னு ஒரு ரெஜிஸ்டர், ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னு ஒண்ணு. போட்டவங்க வேலையை விட்டுப் போயிட்டாங்க, ரெஜிஸ்டர் மட்டும் இருக்கு.

ஒரு பேஷண்ட்டுக்கு ஒரே ஃபைல்ங்கறது இன்னைக்கு நமக்கு சாதாரணம். அதையே ஒருத்தர் போராடித்தான் கொண்டு வந்தார். மேயோ கிளினிக்ல 1907க்கு முன்னாடி ஒவ்வொரு டாக்டரும் தனக்குன்னு ஒரு பெரிய லெட்ஜர் வெச்சிருந்தாங்க. ஒரு பேஷண்ட் மூணு டாக்டரைப் பார்த்தா மூணு லெட்ஜர்ல தேடணும். ஹென்றி பிளம்மர்ங்கற டாக்டர்தான் பேஷண்ட்டுக்கு ஒரு நம்பர் குடுத்து, எல்லாரும் எழுதறதை ஒரே உறையில சேர்த்தார். அதாவது, ரெக்கார்டு டாக்டரோட சொத்துங்கறதை மாத்தி பேஷண்ட்டோடதாக்கினார். 1968ல லாரன்ஸ் வீட்ங்கறவர் இன்னொரு படி போனார். தேதி வாரியா எழுதிக்கிட்டே போகாதீங்க, இவருக்கு என்னென்ன பிரச்சனைன்னு முதல்ல பட்டியல் போடுங்க, ஒவ்வொரு பிரச்சனைக்கும் கீழ எழுதுங்கன்னார். நம்ம மெடிக்கல் காலேஜ்ல சொல்லித் தர்ற 'சோப்' நோட் அவரோட வேலைதான். எங்க கேஸ் ஷீட் முதல் பக்கத்துல ப்ரைமரி கன்சல்டன்ட் பேருக்குக் கீழ அந்தப் பிரச்சனைப் பட்டியலைத்தான் வெச்சிருக்கோம். ராத்திரி புதுசா வர்ற டியூட்டி டாக்டர் ஒரு பக்கம் பார்த்தாலே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்.

கம்ப்யூட்டர் வந்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். நேத்து நோட்டை அப்படியே காப்பி பண்ணி இன்னைக்கு ஒட்டற வசதியை முதல்ல பூட்டுங்க. "காய்ச்சல் இல்லை, நன்றாக உள்ளார்"னு நேத்து எழுதினது, 102 காய்ச்சல்ல நடுங்கிட்டு இருக்கறவர் பேர்ல இன்னைக்கும் வந்து நிக்குது. பல்ஸ், பி.பி. எல்லாம் தானா வந்து விழட்டும், நல்லது. பேஷண்ட் என்ன சொன்னார், இன்னைக்கு என்ன திட்டம், இந்த ரெண்டையும் கையாலதான் அடிக்கணும்.

எல்லாப் பேப்பரும் வீண்னு நான் சொல்லல. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டு வந்த ஆபரேஷன் செக்லிஸ்ட் ஒரே பக்கம், 19 விஷயம். எட்டு நகரங்கள்ல சோதிச்சாங்க, அதுல டெல்லியும் ஒண்ணு. ஆபரேஷனுக்குப் பிறகான இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்கிச்சு. அந்த 19ல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு: கத்தி வெக்கறதுக்கு முன்னாடி தியேட்டர்ல இருக்கற ஒவ்வொருத்தரும் தன் பேரையும் வேலையையும் சொல்லணும். பெரிய சர்ஜன்ல இருந்து சர்குலேட்டிங் நர்ஸ் வரைக்கும். பல இடத்துல அந்தப் பக்கத்தைச் சத்தமா படிக்கறதே அந்த நர்ஸ்தான். தன் பேரைச் சொல்லி ஒரு தடவை வாயைத் திறந்தவங்க, அப்புறம் "சார், ஒரு மாப் கணக்கு இடிக்குது"ன்னு சொல்லத் தயங்க மாட்டாங்க. எழுதறவங்க, படிக்கறவங்க, செய்யறவங்க மூணு பேரும் அங்க ஒரே அறையில நிக்கறாங்க. எந்தப் புது ஃபார்ம் வந்தாலும் அதோட ஒப்பிட்டுத்தான் நான் பாக்கறேன்.

கடைசியா டிஸ்சார்ஜ்.

காலை ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ்ல "வீட்டுக்குப் போகலாம்"னு சொல்லுவாங்க. குடும்பமே பையைக் கட்டிட்டு உக்காந்திருக்கும். சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி யார் எழுதணும்ங்கறதுல குழப்பம். கன்சல்டன்ட் ஓ.பி.ல, டியூட்டி டாக்டர் புது அட்மிஷன்ல, இன்சூரன்ஸ் டெஸ்க் சம்மரி வராம நகராது. இப்போ எங்க வார்டுல நாளைக்குப் போறவங்க யாருன்னு முந்தின நாள் சாயங்காலமே போர்டுல ஏறிடும். சாயங்கால டியூட்டி டாக்டர் சம்மரியை எழுதி வெச்சிடணும். காலையில கடைசி ரெண்டு வரி, கையெழுத்து, முடிஞ்சது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடறாங்க.

(உள்நோயாளியோட ரெக்கார்டை மூணு வருஷம் வெச்சிருக்கணும், கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் ஒழுங்குமுறையே சொல்லுது. தயங்காம கேளுங்க. அது உங்களோடது.)

சம்மரி இங்கிலீஷ்ல இருக்கு. அடுத்த டாக்டர் படிக்க அது வேணும். ஆனா மாத்திரை சாப்பிடப் போறவங்களுக்கு? அதனால கூட ஒரு பக்கம் தமிழ்ல குடுக்க ஆரம்பிச்சிருக்கோம். காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின். நிறுத்தின மாத்திரை எது, அதையும் தனியா. (பழைய மாத்திரை வீட்டு டப்பால இருக்கும், அதையும் சேர்த்துச் சாப்பிடறவங்க நிறைய.) எந்தெந்த அறிகுறி வந்தா உடனே வரணும். கீழ வார்டு ஃபோன் நம்பர், எந்த நேரமும் எடுக்கற நம்பர். வீட்டுக்குப் போனப்புறமும் யாரைக் கூப்பிடணும்னு தெரியணும் இல்லையா.

எங்க சாஃப்ட்வேர்ல தமிழ் எழுத்து பிரின்ட் ஆகும்போது சிதறுது. சரி பண்ணித் தரேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ஃபார்மசிஸ்ட் பொண்ணு ஒருத்தி கையால எழுதறா. மாத்திரைப் பேரைத் தமிழ்ல எழுதறதா, இங்கிலீஷ் பெரிய எழுத்துல எழுதறதான்னு எங்களுக்குள்ள ஒரே வாக்குவாதம். மாத்திரை அட்டையில இங்கிலீஷ்தான் இருக்கு, அதோட ஒப்பிட்டுப் பாக்கணும். வாயால சொல்லி மெடிக்கல் ஷாப்ல கேக்கணும்னா தமிழ் வேணும். ரெண்டும் எழுதறதுன்னு முடிவாயிருக்கு. அடுத்த வாரத்துல இருந்து சர்ஜிகல் வார்டுலயும் குடுக்கப் போறாங்க.